கண்ணாடிக் குவளைக்கு முன் கணக்கு நோட்டு: சிறு உணவுத் தொழிலைச் சரக்கு மோசடியிலிருந்து காக்கும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் மசாலைத்தூள் அரைத்து விற்பவர்கள், தீபாவளிப் பலகாரம் செய்து கொடுப்பவர்கள், ஒட்டுக்கடை (சிறு உணவுக்கடை) நடத்துபவர்கள், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சமைத்துக் கொடுப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இவர்களிடம் வந்து சேரும் சரக்கு ஈப்போவிலோ கிள்ளானிலோ பினாங்கிலோ நான்கைந்து கைகள் மாறிய பிறகே வருகிறது. ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரிந்த ஒரே முகம் கடைசியில் விற்றவருடையதுதான்.

என் மசாலை மில்லுக்கு ஆலோசனை கேட்டு வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன் வருகிறார்கள்: மிளகாய்த்தூளைத் தண்ணீரில் போட்டுக் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? அந்தச் சோதனை இந்த வழிகாட்டியில் ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதை முதல் படியாக வைத்துக்கொண்டவர்கள், தண்ணீரில் தேறிவிட்ட சரக்கை நல்ல சரக்கு என்று நம்பிக் கெட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கவனக்குறைவால் நேரும் அசுத்தம் வேறு, ஆதாயத்துக்காகத் தெரிந்தே செய்யும் மோசடி வேறு. கிருமி உங்கள் சோதனையை அறியாது. மோசடி செய்பவரோ நீங்கள் எதைச் சோதிப்பீர்கள் என்பதை அறிந்து, அதில் தேறும்படிதான் சரக்கைத் தயாரிக்கிறார். விலை மலிந்த பொருளைக் கலப்பது, வேறு பொருளை மாற்றி வைப்பது, கெட்டதை மறைப்பது, அனுமதியில்லாத சாயமோ மருந்தோ சேர்ப்பது, லேபிளில் பொய் எழுதுவது, பிறர் முத்திரையைப் போலியாக அச்சிடுவது, ஓரிடத்துக்கென ஒதுக்கிய சரக்கை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கலப்படம் இவற்றில் ஒரு வகை மட்டுமே.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த ஆறு மாதக் கொள்முதல் பில்கள், ஒரு கோடு போட்ட நோட்டு, நம்பகமான தராசு, இறுக மூடும் சிறு போத்தல்கள், எழுதி ஒட்டத் தாள், குறுக்கீடு இல்லாத இரண்டு மாலைப்பொழுதுகள் ஆகியவை போதும். பில் இல்லாமல் வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். பில் இல்லாத சரக்கைப் பற்றிப் பின்னால் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது என்பதுடன், சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு உணவுச் சுகாதார விதிமுறைகள் 2009-இன்படி உங்களுடையது.

உணவு வளாகப் பதிவும், உணவு கையாள்வோர் பயிற்சியும், தடுப்பூசியும் முடிந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். மில் வைத்து உற்பத்தி செய்பவர்கள் சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழான மெஸ்திக்கு எப்படியும் பதிவேடு வைக்கத்தான் வேண்டும். கீழே சொல்லும் நோட்டும் அந்தப் பதிவேடும் ஒன்றாகவே இருக்கலாம்.

1. வாங்கும் பொருள்களை வடிவத்தோடு எழுதுங்கள்

நோட்டில் "மிளகாய்" என்று ஒரு வரி எழுதுவது பயன்படாது. "காம்புடன் கூடிய காய்ந்த மிளகாய், முழுதாக", "மிளகாய்த்தூள், 25 கிலோ சாக்கு" என்று இரண்டு வரிகளாக எழுத வேண்டும். முழுப் பொருளில் ஏமாற்றுவது கடினம், பொடியில் எளிது, திரவத்தில் அதைவிட எளிது, கலவையில் ஏறக்குறைய எதையும் ஒளித்துவிடலாம். ஒரே பொருளானாலும் வடிவம் மாறும்போது ஆபத்தும் மாறுகிறது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று குறிப்புகள் இருக்கட்டும்: யாரிடம் வாங்குகிறீர்கள், அவர் யாரிடம் வாங்குகிறார், விளைந்த நாடு எது. இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்; ஊகித்து நிரப்ப வேண்டாம். நான்காம் படியில் கேட்க வேண்டிய கேள்விகள் அந்தக் காலி இடங்களிலிருந்துதான் பிறக்கும்.

புதியவர்கள் இங்கே தவறவிடுவது சிறு அளவில் வாங்கும் பொருள்களை. பெருங்காயம், கிராம்பு, ஏலக்காய், குங்குமப்பூ, தேன் ஆகியவை மாதத்துக்கு அரைக் கிலோகூட ஆகாது என்பதால் பட்டியலில் ஏறுவதில்லை. ஆனால் கிலோ விலை உயர உயர ஏமாற்றுபவரின் ஆதாயமும் உயர்கிறது.

2. பணம் எங்கே மிஞ்சுகிறது என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு பொடியை நேர்மையாகச் செய்தால் என்ன விலை ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். காய்ந்த மிளகாய் கிலோ 14 வெள்ளி (ரிங்கிட்). காம்பு கிள்ளி, காயவைத்து, அரைத்துச் சலித்தபின் பத்து விழுக்காடு சேதாரம் போகிறது என்றால், ஒரு கிலோ தூளுக்கு மிளகாய்ச் செலவு மட்டும் 15.56 வெள்ளி. அரைப்புக் கூலி 1.50, சாக்கும் லோரி வாடகையும் 1.00 என்று சேர்த்தால் 18.06 ஆகிறது. இலாபமே இல்லாமல் விற்றாலும் இதற்குக் கீழே ஒருவர் இறங்க முடியாது.

இப்போது ஒருவர் கிலோ 15 வெள்ளிக்கு மிளகாய்த்தூள் தருகிறார் என்றால், அந்த 3.06 வெள்ளி எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. நேர்மையான விடைகள் இரண்டு மூன்று உண்டு: விலை ஏறுமுன் வாங்கிய பழைய கையிருப்பாக இருக்கலாம், தரம் குறைந்த மிளகாயாக இருக்கலாம், பெரிய அளவில் அரைப்பதால் கூலி குறைந்திருக்கலாம். இவற்றில் எது என்று கேளுங்கள், பதிலை நோட்டில் எழுதுங்கள். பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் தண்ணீர்ச் சோதனை செய்து நேரத்தைப் போக்க வேண்டியதில்லை.

உங்கள் சேதாரம் என்ன என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதாதீர்கள். உங்கள் மில்லில், உங்கள் சரக்கில், மூன்று முறை எடை போட்டுப் பார்த்துச் சராசரி எடுங்கள். மழைக்காலச் சரக்கு ஈரத்தோடு வரும்போது சேதாரம் கூடும். ஒரே எண்ணை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டால் நேர்மையான விற்பனையாளர்மீது சந்தேகம் விழும்.

அடுத்து, முக்கியமான பத்துப் பொருள்களின் விலையை மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். விலை ஏறுவது இயல்பு. ஊரெல்லாம் ஏறும்போது ஒருவரிடம் மட்டும் ஏறாமல் நிற்பதுதான் கவனிக்க வேண்டியது. 2023-இல் குஜராத்தின் உஞ்சா சந்தையில் சீரக விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. அத்தகைய ஒரு காலத்தில் பழைய விலைக்கே சீரகத்தூள் கிடைக்கிறது என்று மகிழ்வது ஆபத்தானது.

இரண்டு விலைகளுக்கு இடையிலான இடைவெளியையும் இப்படியே பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபின் இங்கே இறக்குமதி அரிசியின் விலை உயர்ந்தது. உள்ளூர் வெள்ளை அரிசியோ 10 கிலோ 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலையில் நின்றது. மலிவான அரிசியை விலை உயர்ந்த அரிசியின் பையில் நிரப்பினாலே பணம் என்ற நிலை அப்போது உருவானது. இதில் கலப்படமே தேவையில்லை. பையை மாற்றினால் போதும். ஆகவே விலை இடைவெளி விரியும் நாளில், அரிசியை விட்டுவிட்டுப் பையையும் தையலையும் பில்லையும் பாருங்கள்.

3. மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துங்கள்

எல்லாப் பொருள்களையும் ஒரே கவனத்தோடு காவல் காக்க ஒரு சிறு தொழிலால் முடியாது. எனவே ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள் கேட்டு, ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் கொடுங்கள். ஏமாற்றினால் ஆதாயம் எவ்வளவு? ஏமாற்றுவது எவ்வளவு எளிது? கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம்? மூன்றையும் பெருக்குங்கள்.

என் நோட்டில் உப்புக்கு மதிப்பெண் 1 மட்டுமே. முழு மல்லி இரண்டு. முழுச் சீரகம் மூன்று, இரண்டு, இரண்டு என்று 12. வெளியில் அரைத்து வரும் மஞ்சள்தூளும், முத்திரையில்லாத டின்னில் வரும் நெய்யும் 27. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஏன் அந்த எண்ணைக் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதாமல் விடாதீர்கள். அடுத்த ஆண்டு பார்க்கும்போது காரணம் மறந்துபோய், எண் மட்டும் சாமி சிலைபோல் அசையாமல் நிற்கும்.

பெருக்கிய பின் இன்னொரு கேள்வி உண்டு: ஏமாற்று நடந்தால் உண்பவருக்கு என்ன ஆகும்? உடலுக்குத் தீங்கு செய்யக்கூடியது எதுவோ, அதன் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பட்டியலின் தலைக்குக் கொண்டுவாருங்கள். 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் அமெரிக்காவில் சீரகத்தூள் சேர்ந்த பல பொருள்கள், அந்தச் சீரகத்தில் வேர்க்கடலை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. கடலை ஒவ்வாதவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. நம் நாட்டின் உணவு விதிமுறைகள் 1985-இன்படி, கடலை உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் அறிவிக்க வேண்டும். ஆனால் சரக்கில் கடலை இருப்பதே தெரியாதவர் எப்படி அறிவிப்பார்?

சமய வழக்கத்தை மீறும் மோசடியையும் இதே மேல்வரிசையில் வைக்கிறேன். கோயில் அன்னதானத்துக்கு வாங்கும் நெய்யில் விலங்குக் கொழுப்பு இருப்பதும், முஸ்லிம் விருந்தினருக்குச் சமைக்கும் இறைச்சியின் ஹலால் முத்திரை போலியாக இருப்பதும் யாரையும் மருத்துவமனைக்கு அனுப்பாமல் போகலாம். ஆனால் தோட்டப்புற நகரத்தில் அந்தச் செய்தி பரவினால் மறுநாள் கடையைத் திறக்க முடியாது.

4. விற்பனையாளரைச் சரிபாருங்கள், வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்

மதிப்பெண் அதிகமுள்ள பொருள்களிலிருந்து தொடங்குங்கள். முதலில், பொடியாக வாங்குவதை முழுதாக வாங்கி நீங்களே அரைக்க முடியுமா என்று பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட அதிகப் பயன் தந்தது. மஞ்சளும் மிளகாயும் மல்லியும் சீரகமும் முழுதாக வந்து கூலிக்கு அரைபட்டால், மதிப்பெண் 27 என்பது 12-க்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும்.

விற்பனையாளரின் நிறுவனப் பதிவை, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இன் இணையச் சேவையில் பாருங்கள். ஹலால் சான்றிதழை, அவர் காட்டும் நகலை நம்பாமல், இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் இணையத்தளத்தில் நிறுவனப் பெயரைத் தட்டித் தேடுங்கள். பெயர், முகவரி, பொருள், காலாவதி நாள் நான்கும் பொருந்த வேண்டும். 2020 டிசம்பரில் ஜொகூர், செனாயில் ஒரு கிடங்கு சோதனையிடப்பட்டு, இறக்குமதி இறைச்சியின் ஹலால் முத்திரை போலியாக ஒட்டப்பட்ட விவகாரம் வெளிவந்தது. நகல் எடுப்பதும் முத்திரை அச்சிடுவதும் எவ்வளவு எளிது என்பதை அதிலிருந்தே அறியலாம்.

அடுத்தது கொள்முதல் குறிப்பு. அரைத்தாள் போதும்: பொருளின் பெயர், விளைந்த நாடு, முழுதா பொடியா, வேறெதுவும் சேர்க்கப்படவில்லை என்ற உறுதி, தொகுதி எண் (எந்த முறை தயாரித்த சரக்கு என்று காட்டும் எண்) பில்லில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, முன்கூட்டிச் சொல்லாமல் மாற்றுச் சரக்கு இறக்கக்கூடாது என்ற நிபந்தனை. விற்பனையாளர் கையெழுத்திட்டு முத்திரை குத்தட்டும். வழக்கு என்று வந்தால் இந்தத் தாள் நீங்கள் எச்சரிக்கையோடு வாங்கினீர்கள் என்பதைக் காட்டும். அதைவிட, கையெழுத்திடத் தயங்குபவர் யார் என்பதை அது முதல் நாளிலேயே காட்டிவிடும்.

"இருபது வருசமா பழகுறோம், என்னப்பா தாள் எல்லாம் கேட்குற?" என்று தவுக்கே (சரக்குத் தரும் கடை முதலாளி) வருத்தப்படுவார். அவருடைய நேர்மையில் ஐயமில்லை என்றும், அவருக்குத் தருபவரிடமும் இதே தாளை அவர் கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். பழக்கம் ஒரு கையைத்தான் உறுதிப்படுத்தும். அதற்குப் பின்னால் உள்ள மூன்று கைகளை அது அறியாது.

5. சரக்கு இறங்கும்போது பாருங்கள்

லோரி வந்து நிற்கும் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். முதலில் தாள், பிறகு பை, பிறகு எடை, கடைசியில்தான் பொருள். பில்லில் உள்ள பெயரும் தொகுதி எண்ணும் சாக்கின்மேல் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா? தையல் ஒருமுறை பிரித்துத் தைத்ததுபோல் இருக்கிறதா? லேபிளின்மேல் லேபிள் ஒட்டியிருக்கிறதா? பொருளை முதலில் பார்த்துப் பிடித்துப்போய்விட்டால், தாளில் உள்ள குறையைக் கண் மன்னித்துவிடும்.

ஓர் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம், வழக்கமான மல்லிக்குப் பதிலாக வேறு முத்திரையுள்ள சாக்குகள் எனக்கு வந்தன. "அந்தச் சரக்கு முடிஞ்சிருச்சு அண்ணே, இதுவும் அதே மாதிரிதான்" என்றார் லோரி ஓட்டுநர். வெளியே முறுக்குக்கும் மசாலைக்கும் ஆட்கள் வரிசையில் நின்றதால் கையெழுத்திட்டு இறக்கிக்கொண்டேன். அரைத்தபின் மணமே வரவில்லை. சலித்துப் பார்த்தால் தண்டும் உமியும். திருப்பிக் கேட்டபோது, இறக்கும்போதே நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்ற பதில்தான் கிடைத்தது. அன்றிலிருந்து தீபாவளிக்கு முந்திய ஆறு வாரங்களில் புதிய விற்பனையாளர் இல்லை, மாற்றுச் சரக்கு இல்லை என்ற விதியை வைத்திருக்கிறேன். அதற்காக ஆகஸ்டிலேயே பணம் முடங்குகிறது என்பது உண்மைதான்.

இப்போது எளிய சோதனைகளுக்கு வருவோம். மிளகை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். முற்றாத சாவி மிளகும் மிதக்கும் என்பதால், மிதந்ததை எடுத்து நசுக்கி முகர்ந்து பார்த்தே முடிவு செய்யுங்கள். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்தால் கரி ஒட்டக்கூடாது. எண்ணெய் வடித்தெடுத்த கிராம்பு சுருங்கியும் மணம் குன்றியும் இருக்கும். பெருங்காயத்தைக் கரண்டியில் கொளுத்தினால் கற்பூரம்போல் எரிய வேண்டும். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் லேபிளில் அறிவித்தே சேர்க்கப்படுகின்றன, ஆகவே அது எரியாவிட்டால் மோசடி என்று பொருளல்ல.

இந்தச் சோதனைகள் எதைப் பிடிக்காது என்பதை அறிந்திருப்பதுதான் அவற்றைச் செய்யத் தெரிவதைவிட முக்கியம். மிளகாய்த்தூளில் நிறத்துக்காகச் சேர்க்கப்படும் 'சூடான்' என்ற பெயருள்ள செயற்கைச் சாயங்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் கரையாதவை. குவளையில் போட்டால் சாயம் இறங்காது, நீங்களும் நல்ல சரக்கு என்று எடுத்து வைப்பீர்கள். மஞ்சளில் நிறத்துக்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட்டும் தண்ணீரில் கரைவதில்லை. செங்கல் தூளையும் மரத்தூளையும் பிடிக்கும் குவளை, அவற்றைவிடப் பன்மடங்கு கொடியதைக் கோட்டைவிடுகிறது. 2005-இல் பிரிட்டனில் சூடான் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸில் சேர்ந்து, அந்தச் சாஸ் சேர்த்த 400-க்கும் மேற்பட்ட பொருள்கள் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. பெரிய நிறுவனங்களையே தாண்டிச் சென்ற பொடி அது.

தேங்காய் எண்ணெய்க்கும் இப்படியொரு கண்ணி உண்டு, அதுவும் செம்பனை சூழ்ந்த நம் ஊருக்கே உரிய கண்ணி. குளிர்ப்பெட்டியில் வைத்தால் நல்ல தேங்காய் எண்ணெய் முழுதாக உறையும், கலந்த எண்ணெய் தனியே நிற்கும் என்பது பலரும் அறிந்த சோதனை. ஆனால் செம்பனைக் கொட்டை எண்ணெயும் தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் மிகுந்தது, அதுவும் உறைந்துவிடும். சோதனை தேறியது என்று பலகாரத்துக்கு எடுத்து ஊற்றினால், வாடிக்கையாளரின் நாக்கு கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் போகலாம்.

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுப் பற்றவைப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது எதுவும் பயன்படாது. கொடுக்கில்லாத் தேனீக்கள் தரும் கெலுலுட் தேன் இயல்பாகவே நீர்த்தும் புளித்தும் இருக்கும். அதைத் தண்ணீர் கலந்தது என்று பழிப்பவர்களும் உண்டு. அதற்கென எம்.எஸ். 2683:2017 என்ற மலேசியத் தரநிலை இருக்கிறது. விற்பவரிடம் அதன்படி எடுத்த ஆய்வறிக்கையைக் கேளுங்கள்.

6. ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது, எப்போது அனுப்புவது

ஆய்வகச் செலவு சிறு தொழிலுக்குப் பெரிது. ஆகவே மூன்றாம் படியில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த பொருள்களை மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்த ஒரு தொகுதியிலிருந்து அனுப்புங்கள். மலேசியத் தரநிலைத் துறையின் சாம் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்றும், உங்களுக்கு வேண்டிய குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரத்தில் அடங்குகிறதா என்றும் கேட்டறியுங்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

"இது நல்லதா என்று பாருங்கள்" என்று கொடுத்தால் ஆய்வகத்தால் எதுவும் செய்ய முடியாது. மஞ்சள்தூளுக்கும் பட்டைத்தூளுக்கும் ஈயம். மிளகாய்த்தூளுக்குச் சூடான் சாயங்கள். சீரகத்தூளுக்குக் கடலைப் புரதம். நெய்க்கும் எண்ணெய்க்கும் கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு. அரைத்த இறைச்சிக்கு விலங்கு இனத்தை அறியும் டி.என்.ஏ. சோதனை, வெளியில் வாங்கும் மஞ்சள் மீக்கு (நூடல்ஸ்) நம் நாட்டில் அனுமதியில்லாத போரிக் அமிலம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பட்டையில் ஈயமா என்று வியப்பவர்களுக்கு: 2023-இல் அமெரிக்காவில் சிறு குழந்தைகள் உண்ணும் ஆப்பிள் கூழில் ஈயம் இருந்ததற்குக் காரணம் அதில் சேர்த்த பட்டைத்தூள்தான்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் தவறு, சாக்கின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளுவது. மேலே நல்ல சரக்கும் நடுவில் மற்றதும் வைப்பது பழைய தந்திரம். மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து, மூன்று போத்தல்களாகப் பிரித்து முத்திரையிடுங்கள்: ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று விற்பனையாளர் மறுத்தால் காட்டுவதற்கு, ஒன்று உங்கள் கையிருப்புக்கு. ஆய்வகத்துக்கு அனுப்பாவிட்டாலும், மதிப்பெண் உயர்ந்த பொருளின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு போத்தலை நாளும் எண்ணும் எழுதி வையுங்கள். புகார் வரும் நாளில் சரக்கு தீர்ந்துபோயிருக்கும், போத்தல் இருக்கும்.

7. உங்கள் கூரைக்குள்ளும் பாருங்கள்

இந்தப் படியைப் படிக்கும்போது பலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து வரும் மோசடிக்கு அடுத்தபடியாக, உள்ளே நடப்பதும், உங்கள் பெயரில் வெளியே நடப்பதும் இருக்கின்றன.

மாதம் ஒருமுறை எடைக்கணக்குப் பாருங்கள். 200 கிலோ மிளகாய் வாங்கினீர்கள், சேதாரம் பத்து விழுக்காடு என்றால், விற்றதும் இருப்பதும் சேர்ந்து 180 கிலோ அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள். கூடினால் யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள். கூடுவதைக் கண்டு மகிழ்ந்து விட்டுவிடுபவர்களே அதிகம்.

காலியான நெய் டின்களையும் பெயர் அச்சிட்ட அரிசிச் சாக்குகளையும் முழுதாக விற்காதீர்கள். பழைய சாமான் வாங்குபவர் நல்ல டின்னுக்கு அதிகக் காசு தருகிறார் என்றால் அந்த டின் எங்கே போகிறது என்று யோசியுங்கள். டின்னில் துளையிட்டு, சாக்கைக் குறுக்கே கிழித்துப் போடுங்கள். உங்கள் சொந்த லேபிள் சுருளை எண்ணிப் பூட்டி வையுங்கள். அச்சில் பிழையான லேபிள்களை எரித்துவிடுங்கள்.

ஒரு கிலோ பாலித்தீன் பாக்கெட்டில் 2.50 வெள்ளிக்கு விற்கும் உதவித்தொகை எண்ணெய் வீட்டுச் சமையலுக்கு உரியது. அதை ஒட்டுக்கடையிலும் பலகாரத் தொழிலிலும் ஊற்றுவது, ஒதுக்கீட்டுச் சரக்கைத் திருப்பிவிடும் மோசடியின் கடைசிக் கண்ணியாக நீங்களே ஆவதாகும். எல்லாரும் செய்கிறார்களே என்பது அமலாக்க அதிகாரியிடம் எடுபடாத பதில்.

உங்கள் லேபிளில் எழுதியதையும் ஒருமுறை வாசியுங்கள். "சுத்தமான நெய்யில் செய்தது" என்று எழுதிவிட்டு, நெய் விலை ஏறியதும் பாதிக்குப் பாதி மார்ஜரின் சேர்ப்பவர் தன்னை மோசடிக்காரர் என்று நினைப்பதில்லை. உணவுச் சட்டம் 1983-இன் 16-ஆம் பிரிவு, உணவின் தன்மை, தூய்மை, விளைந்த இடம் முதலியவை குறித்துத் தவறான எண்ணம் உண்டாக்கும் லேபிளைக் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. செய்முறை மாறிய அன்றே லேபிளும் மாற வேண்டும்.

8. சந்தேகம் எழுந்தால் செய்ய வேண்டியவை

முதலில் அந்தத் தொகுதியைத் தனியே ஒதுக்கி, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி ஒட்டுங்கள். அதே தொகுதியிலிருந்து செய்த பொருள் எங்கெங்கே போனது என்று நோட்டைப் பார்த்து எழுதுங்கள். அதன் பின்னரே விற்பனையாளரை அழையுங்கள். இந்த வரிசை மாறினால், பேச்சுவார்த்தை நடக்கும் நேரத்தில் உங்கள் ஆளே அடுத்த சாக்கைப் பிரித்து அரைத்துவிடுவார்.

பணத்தைத் திருப்பிப் பெற்றுக்கொண்டு சரக்கை அனுப்பிவிடுவது எளிய வழிபோல் தோன்றும். அந்தச் சரக்கு மறுவாரம் கோலகங்சாரிலோ தாப்பாவிலோ வேறொரு கடையில் இறங்கும். உடலுக்குத் தீங்கான கலப்படம் என்று கருத இடமிருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும், போலி முத்திரை, எடை, உதவித்தொகைப் பொருள் தொடர்பானதென்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கும் தெரிவியுங்கள். பில், கொள்முதல் குறிப்பு, சாக்கின் படங்கள், முத்திரையிட்ட போத்தல் ஆகிய நான்கும் உங்களிடம் இருந்தால் புகார் நிற்கும்.

ஆய்வறிக்கை வருமுன் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விற்பனையாளரின் பெயரைப் போடாதீர்கள். தவறு அவருக்கு முந்திய கையில் நடந்திருக்கலாம். அவதூறு வழக்கோ உங்கள்மீது வரும்.

ஏற்கெனவே விற்றுவிட்ட பொருளை வாங்கியவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். சிறு ஊரில் இது கடினம். ஆனால் நாம் சொல்லி அவர்கள் அறிவதற்கும், அவர்களாகவே அறிந்து நம்மிடம் வருவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது கடை வைத்திருப்பவருக்குத் தெரியும்.

9. நோட்டை எப்போது மீண்டும் திறப்பது

ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பாருங்கள். தீபாவளிக்குச் சரக்கு எடுக்குமுன், ஆகஸ்டு வாக்கில், செய்தால் நல்லது. இடையில் நான்கு நிகழ்வுகளில் ஏதேனும் ஒன்று நடந்தால் அந்தப் பொருளின் வரியை மட்டும் உடனே திருத்துங்கள்: விலை திடீரென ஏறுவது, விளையும் நாட்டில் வெள்ளமோ வறட்சியோ ஏற்றுமதித் தடையோ வருவது, விற்பனையாளர் மாறுவது, வேறு நாட்டில் அதே பொருள் திரும்பப் பெறப்படுவது. கடைசிச் செய்தியை அறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு எச்சரிக்கைத் தளமான ராஸ்ஃப் இலவசமாகத் திறந்திருக்கிறது. மஞ்சள், மிளகாய், சீரகம் என்று பொருள் வாரியாகத் தேடலாம்.

என் நோட்டில் இவ்வாண்டு மேலே ஏறியிருப்பது நெய், கீழே இறங்கியிருப்பது மஞ்சள். மஞ்சளைக் கிழங்காக வாங்கி நாங்களே அரைக்கத் தொடங்கிவிட்டோம். நெய்க்கு இன்னும் அப்படியொரு வழி அகப்படவில்லை. முத்திரையுள்ள டின்னை, ஒரே விற்பனையாளரிடம், தொகுதி எண் எழுதிய பில்லோடு வாங்கி, ஆண்டுக்கு ஒரு டின்னை ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன்.